ஆப்பிள் சைடர்: குடும்பமாகச் சேர்ந்து வீட்டிலேயே பிழிய முழுமையான வழிகாட்டி

வீட்டில் சைடர் பிழியலாம் என்று முடிவு செய்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பழத்தை அழுத்திச் சாறு பிழியும் பிரஸ்ஸைத்தான். எந்த பிரஸ் வாங்குவது, கூடை எத்தனை லிட்டர், மரமா எவர்சில்வரா என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிரஸ் தேவைதான். ஆனால் சாறு நன்றாக வருமா என்பது பழம் பிரஸ்ஸில் ஏறுவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தெந்தப் பழத்தை எந்த அளவில் கலந்தோம், பறித்த பிறகு எத்தனை நாள் பொறுத்தோம், எப்படிக் கழுவினோம் என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியிலும் பழத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சைடர் என்பது புளிக்க வைக்காத, தெளிய வைக்காத, பழுப்பு நிறப் புதுச்சாறு. வட அமெரிக்காவில் சைடர் என்றால் பெரும்பாலும் இதுதான். பிரிட்டனில் அதே பெயரைச் சொன்னால் மது வரும். கடையில் கிடைக்கும் ஆப்பிள் சைடர் வினிகர் அதையும் தாண்டிப் புளித்துக் காடியானது. நாம் செய்யப்போவது குழந்தைகளும் குடிக்கிற சாறு. சுத்தத்தில் நான் காட்டும் கண்டிப்புக்கும் அதுதான் காரணம்.

எவ்வளவு பழம் வேண்டும்?

ஒரு லிட்டர் சாறுக்கு 2 கிலோ பழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நொறுக்கியும் வலுவான பிரஸ்ஸும் இருந்தால் சற்றுக் குறைவாகவே போதும். மிக்சியில் அரைத்துத் துணியில் கையால் பிழிந்தால் இரண்டரை கிலோ வரை ஆகும். முதல் தடவைக்கு 20 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் அளவுக்குச் சாறு வரும், வேலையும் அரை நாளில் முடியும். ஆசைப்பட்டு முதல் தடவையே 60, 70 கிலோ வாங்கிப் போட்டால் மாலைக்குள் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள், பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள், பழம் கழுவுவதிலும் கவனம் தப்பும். அவ்வளவு பழம் இருந்தால் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

கலவை: சைடரின் உயிர் இங்கேதான்

ஒரே வகை ஆப்பிளைப் பிழிந்தால் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரியான சாறு, அல்லது பல் கூசும் புளிப்பு. நல்ல சைடரில் நான்கு குணங்கள் சேர்ந்திருக்கும்: இனிப்பு, புளிப்பு, மணம், துவர்ப்பு. இந்த நான்கையும் ஒரே பழத்தில் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் கலக்கிறோம்.

இனிப்புக்கு காலா, ஃபியூஜி, ரெட் டெலிஷியஸ் போன்றவை. சாறின் உடம்பு இவற்றிலிருந்துதான் வரும். புளிப்புக்கு கிரானி ஸ்மித், ஜொனாதன், பிரேபர்ன், அல்லது சமையலுக்கென்றே வளர்க்கும் பிரம்லி. மணத்துக்கு மெக்கின்டாஷ், காக்ஸ் ஆரஞ்சு பிப்பின், நன்றாகப் பழுத்த கோல்டன் டெலிஷியஸ். துவர்ப்புக்குச் சிறிய கிராப் ஆப்பிள்கள். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சைடருக்கென்றே வளர்க்கப்படும் டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்ற வகைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அவற்றைக் கடித்துத் தின்ன முடியாது, வாய் அப்படியே சுருங்கும். சாறில் கொஞ்சம் சேர்ந்தால், விழுங்கிய பிறகும் சுவை நாக்கில் நிற்கும். அந்த வேலையைச் செய்வது பழத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்.

10 கிலோவுக்கு நான் தொடங்கும் அளவு இது: 5 கிலோ இனிப்பு, 3 கிலோ புளிப்பு, ஒன்றரை கிலோ மணமுள்ளது, அரை கிலோ துவர்ப்பு. கிராப் ஆப்பிள் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடலாம், புளிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். புளிப்பில்லாத சைடர் முதல் வாய்க்கு நன்றாக இருக்கும், அரை கோப்பையில் திகட்டிவிடும்.

ஒரே வகைதான் கிடைக்கிறது என்றால் இனிப்பும் புளிப்பும் ஓரளவு சேர்ந்திருக்கிற பிங்க் லேடி, ஜொனாகோல்ட் மாதிரி வகையாகப் பாருங்கள்.

இனி பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த வேலை. பிழிகிற நாளுக்கு முந்தின நாள் ஒவ்வொரு வகையிலும் ஒரு பழத்தை நன்றாகக் கழுவித் துருவி, துணியில் பிழிந்து, தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். ஒரு வெற்றுக் கிண்ணத்தில் இனிப்புச் சாறு 5 கரண்டி, புளிப்பு 3 கரண்டி, மணம் ஒன்றரைக் கரண்டி, துவர்ப்பு அரைக் கரண்டி விட்டுக் கலக்கி ஆளுக்கொரு சிறு வாய் ருசி பாருங்கள். அப்புறம் புளிப்பைக் கூட்டிப் பாருங்கள், துவர்ப்பைக் குறைத்துப் பாருங்கள். எந்தக் கலவை யாருக்குப் பிடித்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கிலோ கணக்கில் அதே விகிதம். வாக்கெடுப்பு வைத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு முழு ஓட்டு உண்டு. அவர்கள் நாக்கு நம்முடையதைவிடக் கூர்மையாக இருப்பதை அன்றைக்குப் பார்க்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், முதியவர்கள், கருவுற்றவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் ருசி பார்க்கும் சாறையும் சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

பழுத்ததா, பொறுத்ததா?

பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றை வெட்டி விதையைப் பாருங்கள். விதை வெள்ளையாக இருந்தால் காய், பழுப்பாக இருந்தால் பழம் என்று பொதுவாகச் சொல்லலாம். இன்னும் துல்லியமாகத் தெரிய அயோடின் சோதனை இருக்கிறது. குறுக்கே வெட்டிய பாதியில் அயோடின் கரைசலைத் தடவினால் மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாக மாறும். காயில் முழு வட்டமும் கறுக்கும். பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெளிப்புறமாக அந்தக் கறுப்பு மறைந்துகொண்டே வரும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள். சோதித்த துண்டை மட்டும் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

பறித்த அன்றே பிழியக் கூடாது. வெயில் படாத, குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பழத்தைப் பரப்பி வையுங்கள். மிச்சமிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், பழத்தில் உள்ள நீரும் கொஞ்சம் குறைந்து சாறு செறிவாகும், சதை இளகிச் சாறை எளிதாக விடும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும். அதுதான் நாள். அதையும் தாண்டி விட்டால் சதை மாவாகிவிடும். மாவான பழத்தை நொறுக்கினால் கூழாகி, துணியின் கண்களை அடைத்துக்கொண்டு, எவ்வளவு திருகினாலும் சாறு வராது. கடையில் வாங்கிய பழம் என்றால் அது ஏற்கெனவே பல நாள் சேமிப்பில் இருந்திருக்கும். அதற்குக் காத்திருப்பு தேவையில்லை, நேராகப் பிழியலாம்.

எந்தப் பழம் வேண்டாம்

கோணலான பழம், தோலில் புள்ளி விழுந்த பழம், அளவு சிறுத்த பழம் எல்லாமே சைடருக்கு நல்லவை. அழகுக்கு இங்கே மதிப்பெண் இல்லை. லேசாகக் கன்றிப்போன இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம்.

மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழத்தைச் சேர்க்கவே கூடாது. பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. மரத்தடியில் மாடும் மானும் மேய்ந்திருக்கும், அவற்றின் சாணம் மண்ணில் கலந்திருக்கும். சாணத்திலிருந்து வரும் ஈ.கோலை ஓ157:ஹெச்7 என்ற பாக்டீரியா சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. சாறு புளிப்பாக இருப்பதால் கிருமி பிழைக்காது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். இந்தக் கிருமி அந்தப் புளிப்பைத் தாங்கி, குளிரில் வைத்த சாறிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். 1996-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் சூடாக்காத ஆப்பிள் சாறு குடித்த 60-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் சூடாக்காமல் அடைத்து விற்கும் சாறுகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது.

அழுகிய பழமும் வேண்டாம். அழுகல் பரவிவிட்ட ஆப்பிளை, கெட்ட பாதியை வெட்டிவிட்டு நல்ல பாதியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஆப்பிளில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்குகிறது. இது சாறைச் சூடாக்கினாலும் அழியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆப்பிள் சாறில் இதன் அளவு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. அழுகியதைத் தூக்கிப் போடுவதுதான் நமக்குள்ள பாதுகாப்பு. தாத்தாவோ பாட்டியோ உட்கார்ந்த இடத்தில் பழம் பொறுக்கித் தர முன்வந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் கண் இதற்குத் தேவை.

சாமான்கள்

20 கிலோ வரைக்கும் மிக்சியும், கெட்டியான நைலான் வலைப் பையும், கையும் போதும். நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் செய்வதென்றால் கைப்பிடி சுற்றும் நொறுக்கியும், திருகு வைத்த கூடை பிரஸ்ஸும் நல்ல முதலீடு. நீரழுத்த பிரஸ் என்று ஒன்று உண்டு. நடுவில் ரப்பர் பை இருக்கும். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் பை உப்பி, பழத்தைக் கூடைச் சுவரோடு அழுத்தும். தோள் வலி இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் திருகைச் சுற்றும் இன்பமும் இல்லை. குடும்பமாகச் செய்வதற்கு நான் திருகு பிரஸ்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

மற்றபடி எவர்சில்வர் பாத்திரங்கள், உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளிகள், கத்தி, பிரஷ், புனல், வடிகட்டி, ஒரு சமையல் தெர்மாமீட்டர், மூடியுள்ள பாட்டில்கள். சாறு படும் இடத்தில் இரும்பு, செம்பு, அலுமினியம், துத்தநாகம் பூசிய தகரம் இருக்கக் கூடாது. ஆப்பிளின் அமிலம் உலோகத்தை அரித்துச் சாறில் கலக்கும். இரும்பு பட்டால் டானினோடு சேர்ந்து சாறு கறுத்துப்போகும். யாரோ கொடுத்த பழைய பிரஸ் என்றால் அதன் பெயின்ட் உரிகிறதா என்று பாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் சாறு பிழிய அது வேண்டாம்.

எல்லாவற்றையும் முந்தின நாள் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி அலசி வையுங்கள். அப்புறம் 4 லிட்டர் தண்ணீரில் மணம் சேர்க்காத பிளீச் ஒரு மேசைக்கரண்டி கலந்து, சாறு படும் பரப்புகளை அதில் நனைத்துக் காயவிடுங்கள். இது பெரியவர் வேலை. மரக்கூடை என்றால் பிழியும் நாளன்று முதலில் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த மரம் சாறை உறிஞ்சிக் கறை பிடித்துக்கொள்ளும்.

கழுவுதல்

இதைச் சின்னப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பழங்களைக் கொட்டுங்கள், எல்லாம் மிதக்கும். அவற்றை முக்கி உருட்டிப் பிரஷ்ஷால் தேய்ப்பதே விளையாட்டாகிவிடும். இலை, குப்பை எல்லாம் இந்தத் தொட்டியில் போய்விடும். பிறகு ஒவ்வொன்றையும் ஓடும் தண்ணீரில் காட்டி இரண்டாவது கூடையில் போட வேண்டும். தொட்டித் தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் கழுவினால் ஒரு பழத்தின் அழுக்கு எல்லாப் பழத்துக்கும் போகும்.

சோப்பு வேண்டாம். தண்ணீர் பழத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு வழியாகவும் அடிப்பக்கக் குழி வழியாகவும் அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவியதை அன்றே பிழிந்துவிட வேண்டும். தொடங்கும் முன் எல்லோரும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வயிறு சரியில்லாதவர்கள் அன்றைக்குப் பழத்தையும் பாத்திரத்தையும் தொடாமல் இருக்கட்டும்.

நொறுக்குதல்

பழத்தைத் தோல் சீவ வேண்டாம். மணமும் டானினும் தோலில் நிறைய இருக்கின்றன. கை நொறுக்கியில் போடுவதானால் நான்காக வெட்டினால் போதும், நடுப்பகுதியை எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான விதைகள் முழுசாகவே வெளியே வந்து சக்கையோடு போய்விடும். மிக்சி அப்படியில்லை, அதன் பிளேடு விதையை அரைத்துவிடும். ஆப்பிள் விதையில் அமிக்டலின் இருக்கிறது, அரைபடும்போது அதிலிருந்து சயனைடு உண்டாகும், கசப்பும் இறங்கும். எனவே மிக்சியில் போடுவதற்கு முன் விதையை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு பொடியாக? விரலில் எடுத்தால் ஈரமான, சிறு துணுக்குகளாக இருக்க வேண்டும். பெரிய துண்டு இருந்தால் சாறு உள்ளேயே தங்கும். விழுது மாதிரி ஆகிவிட்டால் துணி அடைத்துக்கொள்ளும். மிக்சியைத் தொடர்ந்து ஓடவிடாமல் விட்டு விட்டு இயக்குங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மிகக் கவனமாக இருக்க வேண்டிய கட்டமும் இதுதான். மின் நொறுக்கியைப் பெரியவர் மட்டுமே இயக்க வேண்டும், பழத்தைத் தள்ள மரக்கட்டைதான், கை உள்ளே போகவே கூடாது. கை நொறுக்கியில்கூட ஒருவர் பழம் போட, இன்னொருவர் சுற்றுகிறார் என்றால், போடுகிறவர் கையை எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கைப்பிடி நகர வேண்டும். தொங்கும் துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை, அவிழ்ந்த முடி எல்லாவற்றையும் முதலிலேயே கட்டிவிடுங்கள்.

நொறுக்கிய சில நிமிடங்களிலேயே எல்லாம் பழுப்பாகிவிடும். பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டது என்று பதறுவார்கள். பழத்தின் செல்கள் உடைந்ததும் உள்ளிருக்கும் ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பழத்திலுள்ள பாலிஃபீனால் என்ற பொருள்களைப் பழுப்பு நிறமாக மாற்றுகிறது. சைடரின் நிறமே அப்படி வருவதுதான். இளநிறமாக வேண்டுமென்றால் உடனே பிழியுங்கள். நான் அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத்தான் பிழிவேன். நிறம் ஆழமாகும், துவர்ப்பும் கொஞ்சம் மென்மையாகும்.

பிழிதல்

கூடைக்குள் வலைப் பையை விரித்து, நொறுக்கிய பழத்தை முக்கால் பங்கு நிரப்புங்கள். பையின் வாயைச் சமமாக மடித்து மேலே பலகையை நேராக வையுங்கள். பலகை சாய்ந்தால் ஒரு பக்கம்தான் அழுத்தம் விழும். கீழே வாளி இருக்கிறதா என்று பாருங்கள். திருகுவதற்கு முன்பே சாறு ஒழுகத் தொடங்கியிருக்கும். தன் எடையாலேயே இறங்கும் சாறு அது.

இப்போது திருகுங்கள், மெதுவாக. சாறு கம்பியாக ஓடத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஓட்டம் சொட்டாகக் குறைந்ததும் கால் சுற்று. மறுபடி நில்லுங்கள். பிழிவதில் இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பலத்தைக் காட்டி ஒரே மூச்சில் இறுக்கினால் வெளி ஓரத்தில் உள்ள சக்கை கெட்டியாகிச் சுவர் போல நின்றுவிடும், நடுவில் இருக்கும் சாறுக்கு வெளியே வர வழி இருக்காது. பக்கவாட்டில் கூழ் பிதுங்கினால் வேகம் அதிகம், அல்லது பழம் மிகவும் நைந்துவிட்டது என்று பொருள். பெரிய ஆலைகளில் இப்படி நைந்த பழத்துக்குச் சுத்தம் செய்த நெல் உமியைக் கலப்பதுண்டு. உமி இடையிடையே நின்று சாறுக்கு வழி விடும்.

ஒரு கூடைக்கு இருபது, முப்பது நிமிடம் கொடுங்கள். பிள்ளைகள் முறை வைத்துக் கொண்டு கால் சுற்று, கால் சுற்றாகத் திருகட்டும். சொட்டு நிற்கும்வரை எண்ணுவது சின்னவர்கள் வேலை. முடிந்ததும் திருகைத் தளர்த்தி, சக்கையைக் கையால் உதிர்த்துக் கலைத்து இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் கிடைக்கும். நன்றாகப் பிழிந்த சக்கை கையில் உதிரும், ஈரம் ஒட்டாது.

வாளிக்கு மேல் ஒரு சுத்தமான துணி போட்டு வையுங்கள். இனிப்பு வாசனைக்குத் தேனீயும் குளவியும் எங்கிருந்தோ வந்துவிடும். குளவி கொட்டினால் ஒவ்வாமை வரும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சூடாக்குதல்

பிரஸ்ஸின் வாயிலிருந்து நேராகக் கோப்பையில் பிடித்துக் குடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள், முதியவர்கள், கருவுற்றவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சூடாக்காத சாறைக் குடிக்கக் கூடாது. குடும்பத்தில் இவர்களில் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். அதனால் முழுச் சாறையும் சூடாக்கிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்கும் சங்கடமும் இல்லை. பிள்ளைகள் காத்திருக்க முடியாமல் தவிப்பார்கள் என்றால், முதல் கூடையிலிருந்து ஒரு லிட்டரை உடனே அடுப்பில் ஏற்றி ஆறவைத்துவிடுங்கள். இரண்டாவது கூடை ஓடும்போதே எல்லோர் கையிலும் கோப்பை இருக்கும்.

முதலில் வலைத் துணியில் சாறை வடிகட்டுங்கள். அடி கனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். சாறு 71 டிகிரி செல்சியஸை எட்டி, குறைந்தது ஒரு நிமிடம் அதே சூட்டில் நிற்க வேண்டும். வீட்டுத் தெர்மாமீட்டர் ஓரிரு டிகிரி முன்பின் காட்டலாம் என்பதால் 75 வரை போவது நல்லது. தெர்மாமீட்டரின் முனை பாத்திரத்தின் அடியைத் தொடாமல் சாறின் நடுவில் இருக்கட்டும். மேலே திரளும் பழுப்பு நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். கொதிக்க விடாதீர்கள். கொதித்த சாறில் வெந்த பழத்தின் வாசம் வந்துவிடும், மெனக்கெட்டுச் சேர்த்த மணம் ஆவியோடு போய்விடும். தெர்மாமீட்டரைப் பார்த்து எண் சொல்லும் வேலையை வீட்டில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள், கவனமாகச் செய்வார்கள்.

சூடு போதும் என்றதும் பாத்திரத்தை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறி வேகமாக ஆறவையுங்கள். சக்கரையோ பொடியோ எதையும் சேர்ப்பதற்கு முன் ஒரு வாய் ருசி பாருங்கள். கலவை சரியாக இருந்தால் எதுவும் தேவைப்படாது.

சேமிப்பு

ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் சூடாக்கிய சைடர் இரண்டு வாரம் வரை சுவை குறையாமல் இருக்கும். ஓரிரவு வைத்தாலே அடியில் வண்டல் படியும். குலுக்கிக் குடிக்கலாம், தெளிவாக வேண்டுமென்றால் மேலாக இறுத்துக்கொள்ளலாம்.

அதிக நாள் வைக்க ஃபிரீசர்தான் எளிது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், எனவே பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு ஊற்றுங்கள். கண்ணாடி வேண்டாம், உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் போதும். ஒரு வருடம் வரை தாங்கும். குடிப்பதற்கு முந்தின நாள் ஃபிரிட்ஜுக்கு மாற்றி உருகவிட்டு நன்றாகக் குலுக்குங்கள்.

அறை வெப்பத்தில் வைக்க வேண்டுமென்றால் ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் பதப்படுத்த வேண்டும். இதற்கு மட்டும் சாறு கொதி நிலையைத் தொட வேண்டும். கொதிநீரில் சுத்தப்படுத்திய, இதற்கென்றே செய்த சூடான கண்ணாடி ஜாடியில், மேலே 6 மில்லிமீட்டர் இடம் விட்டு ஊற்றி மூடி, ஜாடி முழுவதும் மூழ்கும் கொதிநீரில் வைக்க வேண்டும். ஒரு லிட்டர் வரையிலான ஜாடிக்கு 5 நிமிடம். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருந்தால் 10 நிமிடம், 1,800 மீட்டரைத் தாண்டினால் 15. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் இந்தக் கூடுதல் நேரம்.

சாறை வெறுமனே பாட்டிலில் அடைத்து வெளியே வைக்காதீர்கள். பழத்தோலிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாக்கும். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டில் அந்த அழுத்தத்தில் வெடிக்கும். ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டில்கூட உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, சாறு நாக்கில் சுள்ளென்று இருந்தாலோ அது புளிக்கத் தொடங்கிவிட்டது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

சக்கையும் கழுவலும்

20 கிலோ பழத்துக்குப் பாதி எடைக்குச் சக்கை மிஞ்சும். மாடு, பன்றி, கோழி வளர்ப்பவர்கள் இருந்தால் அன்றே கொடுங்கள். விலங்குகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், ஒரே நேரத்தில் நிறையத் தின்றால் வயிறு கெடும். உரக்குழியில் போடுவதானால் காய்ந்த இலைச் சருகோடு மாற்றி மாற்றி மெல்லிய அடுக்காகப் போடுங்கள். ஒரே குவியலாகக் கொட்டினால் காற்றுப் போகாமல் புளித்து நாறும், குளவி மொய்க்கும்.

பிரஸ்ஸைக் கழுவுவதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். சாறு காய்ந்தால் சர்க்கரை பிசினாக ஒட்டிக்கொள்ளும், அதில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் கழற்றி முதலில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சிச் சக்கையை எடுங்கள், பிறகு வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். வலைப் பையை உள்வெளியாகத் திருப்பி அலச வேண்டும், மணமுள்ள சலவைத்தூள் போட்டால் அடுத்த தடவை சாறில் அந்த வாசம் வரும். மரக்கூடையை நிழலில் காயவிடுங்கள். கடும் வெயிலில் காய்ந்தால் வெடிப்பு விடும். நன்றாக உலர்ந்த பிறகு மரத்துக்கும் திருகுக்கும் உணவுத் தரமுள்ள எண்ணெய் தடவி, துணி போர்த்தி, காற்றோட்டமான இடத்தில் எடுத்து வையுங்கள். கலவை குறித்த காகிதத்தையும் கூடைக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் எந்த விகிதத்திலிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை.